திரைத்துறையில் வேலைநிறுத்தமும் இயந்திரமும்: வாசகர் கேள்வி – பதில்

ஹாலிவுட்டில் 2023-ஆம் ஆண்டு எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய வேலைநிறுத்தங்களைப் பற்றியும், செயற்கை நுண்ணறிவு திரைத்துறை வேலைகளை என்ன செய்யும் என்பது பற்றியும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஹாலிவுட் நடிகர்கள் கையில் அட்டை பிடித்துக்கொண்டு தெருவில் நின்றது வேடிக்கையாக இல்லையா?
— பள்ளி ஆசிரியர், நாமக்கல்

செய்திப் படங்களில் நாம் பார்த்த பிரபல முகங்களை வைத்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் நடிகர் சங்கத்தின் ஏறத்தாழ 1,60,000 உறுப்பினர்களில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. அந்தச் சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டைப் பெற ஓர் உறுப்பினர் அப்போது ஆண்டுக்கு 26,470 டாலராவது நடிப்பில் சம்பாதித்திருக்க வேண்டும். உறுப்பினர்களில் 86 சதவீதம் பேர் அந்த வரம்பைக்கூட எட்டவில்லை என்று போராட்டத்தின்போது சங்கத் தரப்பு சொன்னது. வாடகை மிகுந்த லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் அந்தத் தொகையை வைத்து ஒருவர் தனியாகக் குடியிருப்பதே கடினம்.

மே 2 அன்று ஏறத்தாழ 11,500 திரைக்கதை எழுத்தாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஜூலை 14 அன்று நடிகர்கள் சேர்ந்துகொண்டார்கள். இரு சங்கங்களும் ஒரே நேரத்தில் வெளியே நின்றது அதற்குமுன் 1960-இல்தான். அப்போது நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன் என்பதை இன்றைய அவருடைய ரசிகர்கள் பலர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அந்தப் போராட்டத்தில்தான், திரைப்படங்கள் தொலைக்காட்சியில் காட்டப்படும்போது நடித்தவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் ஒரு பங்கு தரும் ஏற்பாடும், ஓய்வூதியம் மற்றும் மருத்துவக் காப்பீட்டுக்கான அடித்தளமும் கிடைத்தன. வேலை இல்லாத மாதங்களை ஒரு நடிகர் கடப்பதற்கு அந்த மறுஒளிபரப்புப் பங்கே பெரிய துணையாக இருந்தது.

ஓடிடி தளங்கள் வந்தபிறகு அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. முன்பு ஒரு தொடர் ஆண்டுக்கு 22 அத்தியாயங்கள் ஓடும். எழுத்தாளருக்குப் பெரும்பகுதி ஆண்டுக்கும் வேலை இருக்கும். ஓடிடியில் எட்டோ பத்தோ அத்தியாயங்களில் ஒரு பருவம் முடிந்துவிடுகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைத் தளங்கள் அப்போது வெளியே சொல்லாததால், தொடர் பெரிய வெற்றி பெற்றாலும் எழுதியவருக்கு வந்தது முன்கூட்டியே நிர்ணயித்த ஒரு தொகைதான். தெருவுக்கு வந்ததற்கு முதல் காரணம் இது. செயற்கை நுண்ணறிவு பிறகு வந்து சேர்ந்துகொண்ட காரணம்.

செயற்கை நுண்ணறிவை எதிர்த்து எழுத்தாளர்கள் வென்றதாகச் சொல்கிறார்கள். அவர்களால் அதைத் தடைசெய்ய முடிந்ததா?
— பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

தடைசெய்யவில்லை, தடைசெய்ய வேண்டும் என்று அவர்கள் ஒற்றைக்காலில் நிற்கவும் இல்லை. அதனால்தான் ஏதோ கொஞ்சமாவது கிடைத்தது என்பது என் கருத்து.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளியானது. ஆறு மாதங்களுக்குள் எழுத்தாளர்களின் ஒப்பந்தம் காலாவதியானது. பேச்சுவார்த்தையில் எழுத்தாளர் சங்கம் இது குறித்துக் கட்டுப்பாடுகள் கேட்டபோது, ஸ்டூடியோக்களின் கூட்டமைப்பு அதை ஏற்காமல், தொழில்நுட்ப வளர்ச்சியைப் பற்றி விவாதிக்க ஆண்டுதோறும் ஒரு கூட்டம் நடத்தலாம் என்று பதில் சொன்னது. “கூட்டம் போட்டுப் பேசிக்கொள்ளலாம்” என்ற அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று எந்தத் தொழிற்சங்கக்காரருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐந்து மாதங்கள் கழித்து, செப்டம்பர் 27 அன்று போராட்டம் முடிந்தபோது கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருப்பவை இவை: இயந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் கொள்ளக்கூடாது, அதை மூலக்கதையாகக் காட்டி எழுத்தாளரின் பெயரையோ ஊதியத்தையோ குறைக்கக்கூடாது, நிறுவனம் ஒப்புக்கொண்டால் எழுத்தாளர் தம் விருப்பப்படி அந்தக் கருவியைப் பயன்படுத்தலாம், ஆனால் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்த முடியாது, எழுத்தாளரிடம் தரப்படும் பிரதியில் இயந்திரம் எழுதிய பகுதி ஏதேனும் இருந்தால் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

இந்த விதிகள் ஏன் முக்கியம் என்பதைக் கூலிக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு திரைக்கதை எழுதுவதற்கு ஓர் ஊதியம் உண்டு. வேறொருவர் எழுதியதைத் திருத்துவதற்கு அதைவிடக் குறைவான ஊதியம் உண்டு. இயந்திரத்தைக்கொண்டு ஒரே இரவில் ஒரு முதல் பிரதியை உருவாக்கி, “இதைச் சற்றுத் திருத்திக் கொடுங்கள்” என்று எழுத்தாளரிடம் நீட்டினால், வேலை முழுவதும் அவருடையதாக இருக்கும். சம்பளம் மட்டும் திருத்துபவருக்கு உரியதாக இருக்கும். அந்த வழியைத்தான் இந்த ஒப்பந்தம் அடைத்திருக்கிறது.

ஸ்டூடியோக்கள் இதற்கு இணங்கியதில் அவர்களுடைய சொந்த நலனும் உண்டு. மனிதர் யாரும் உருவாக்காத படைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று வாஷிங்டனில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது; மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. பதிப்புரிமை இல்லாத கதையைத் தன் சொத்தாக விற்க முடியாது என்பதால், எழுதியவர்கள் பட்டியலில் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டிய தேவை ஸ்டூடியோவுக்கும் இருக்கிறது.

ஒப்பந்தத்தின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான திரைக்கதைகளை இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அங்கே தீர்க்கப்படவில்லை. அது கூடாது என்று பிற்காலத்தில் வாதாடும் உரிமையைச் சங்கம் தக்கவைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒப்பந்தமும் 2026 மே முதல் நாள் வரைக்கும் என்றே எழுதப்பட்டது.

கூட்டக் காட்சிகளில் நிற்கும் எங்களைக் கம்ப்யூட்டருக்குள் படம் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு எங்களைக் கூப்பிடவே மாட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் துணை நடிகர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள்?
— துணை நடிகர், சாலிகிராமம்

உங்கள் அச்சம் வீண் அச்சம் இல்லை. அமெரிக்கப் படப்பிடிப்புத் தளங்களில் நடந்ததை அங்குள்ள துணை நடிகர்கள் செய்தியாளர்களிடம் விவரித்திருக்கிறார்கள். வழக்கம்போல் வேலைக்கு வந்தவரைச் சுற்றிலும் கேமராக்கள் பொருத்தப்பட்ட ஒரு வண்டிக்குள் அனுப்புவார்கள். கையை நீட்டு, கையை மடக்கு, இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார், பயப்படுவதுபோல் முகத்தை வை, வியப்பதுபோல் வை என்று ஒரு கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வெளியே வந்ததும் வேலை தொடரும். அந்த உருவத்தை எங்கே, எத்தனை முறை பயன்படுத்துவார்கள் என்று யாரும் சொல்வதில்லை. மறுத்தால் மறுநாள் வேலைக்கு அழைப்பு வராது என்ற பயத்தில் வந்தவர்களும் கேட்பதில்லை.

பேச்சுவார்த்தை முறிந்த நாளில் நடிகர் சங்கத்தின் தலைமைப் பேச்சுவார்த்தையாளர், துணை நடிகர்களை ஒருநாள் ஊதியத்துக்கு ஸ்கேன் செய்து அந்த உருவத்தை என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள ஸ்டூடியோக்கள் கேட்டன என்று குற்றம் சாட்டினார். தாங்கள் கேட்டது அப்படி இல்லை என்று கூட்டமைப்பு மறுத்தது. எது உண்மையோ, அந்த ஒரு குற்றச்சாட்டு பொதுமக்களிடையே பெரிதாகப் பேசப்பட்டது.

118 நாட்களுக்குப் பிறகு, நவம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது. ஒப்பந்தத்தின்படி, ஸ்கேன் செய்வதைப் பொதுவாக 48 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். எதற்குப் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதைத் தெளிவாக எழுதிச் சம்மதம் வாங்க வேண்டும். ஸ்கேனுக்குச் செலவாகும் நேரத்துக்கும் ஊதியம் தர வேண்டும். ஒரு நாளில் இத்தனை துணை நடிகர்களைச் சங்க ஊதியத்தில் அமர்த்த வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. அந்த எண்ணிக்கையை டிஜிட்டல் உருவங்களைக்கொண்டு நிரப்பக்கூடாது என்பதையும் சேர்த்தார்கள். வசனம் பேசும் நடிகரின் டிஜிட்டல் உருவத்தைப் பயன்படுத்தினால், அவர் நேரில் வந்து நடித்திருந்தால் எத்தனை நாள் வேலை செய்திருப்பாரோ அத்தனை நாளுக்கான ஊதியத்தைத் தர வேண்டும். இந்த ஒப்பந்தத்தை வாக்களித்த உறுப்பினர்களில் 78 சதவீதம் பேர் ஏற்றார்கள். ஏற்காதவர்களில் பலர் சொன்ன காரணம், புதுமுக நடிகர் சம்மதம் தர மறுத்தால் அந்த வாய்ப்பே அவருக்குக் கிடைக்காது, ஆகவே சம்மதம் என்பது பெயரளவில்தான் என்பதாகும். அந்த வாதத்தை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

உங்களைப் பொறுத்தவரை ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூறு பேர் நிற்கும் காட்சி என்றால் நூறு பேருக்குச் சாப்பாடு, உடை, ஒப்பனை, அழைத்துவர வேன் எல்லாம் வேண்டும். பத்துப் பேரை நிறுத்திவிட்டு மீதியைக் கம்ப்யூட்டரில் நிரப்பினால், தொண்ணூறு பேரோடு சமையல்காரருக்கும் டிரைவருக்கும் சேர்த்துத்தான் வேலை குறைகிறது. அவர்களுக்கு ஸ்கேன் விதி எந்தப் பாதுகாப்பும் தராது.

போராடியவர்களுக்கு ஏதோ கிடைத்தது. போராடாமல் வேலையை இழந்தவர்களுக்கு?
— இல்லத்தரசி, மதுரை

அதிகம் கேட்கப்படாத கேள்வி இது. எழுத்தாளர் எழுதாவிட்டால் படப்பிடிப்பு இல்லை. படப்பிடிப்பு இல்லாவிட்டால் தச்சருக்கும் லைட்மேனுக்கும் லாரி ஓட்டுநருக்கும் உடை வாடகைக்கு விடும் கடைக்கும் வேலை இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, திரைப்படம் மற்றும் ஒலிப்பதிவுத் துறையில் 2023 ஆகஸ்டில் மட்டும் 17,000 வேலைகள் குறைந்தன. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை குறைந்தவை ஏறத்தாழ 45,000. இவர்களில் பலர் எந்தக் கோரிக்கையும் வைக்காதவர்கள்.

அரசு உதவியிலும் ஒரு வினோதம் உண்டு. கலிபோர்னியாவில் வேலைநிறுத்தம் செய்பவருக்கு வேலையின்மைக்கால உதவித்தொகை கிடையாது. நியூயார்க்கில் 2023-இல் இரண்டு வாரக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்தது. கலிபோர்னியாவிலும் அப்படித் தர வேண்டும் என்று சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம் 2023 செப்டம்பர் இறுதியில் நிராகரித்தார். இதற்கிடையே, படங்கள் எடுக்கப்படாததால் செலவு குறைந்து, அந்த ஆண்டு தன் கையில் நிற்கும் ரொக்கம் முன்பு கணித்ததைவிடக் கூடுதலாக, குறைந்தது 500 கோடி டாலராக இருக்கும் என்று நெட்ஃபிளிக்ஸ் தன் முதலீட்டாளர்களுக்குத் தெரிவித்தது. பெரிய நிறுவனத்துக்கு வேலைநிறுத்தம் சில மாதங்கள் வரை லாபமாகவே அமையக்கூடும் என்பதைத் தொழிற்சங்கங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இயந்திரத்தை எதிர்த்து நடந்த கலைஞர் போராட்டம் எதுவாவது உண்மையில் வென்றிருக்கிறதா?
— இசை ஆசிரியர், கும்பகோணம்

உங்கள் துறையிலிருந்தே உதாரணம் தரலாம். பேசாப் படங்களின் காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில் திரைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் அமர்ந்து வாசிப்பார்கள். பெரிய அரங்கில் முழு வாத்தியக் குழு இருக்கும்; சிற்றூர் அரங்கில் ஒரு பியானோ இருக்கும். 1927 அக்டோபரில் பேசும் பாடும் படம் வந்து வெற்றி பெற்றதும் அரங்க உரிமையாளர்கள் ஒலிபெருக்கியைப் பொருத்தத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இசைக்கலைஞர் சங்கம் 1930-இல் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது: உலோகத்தால் ஆன ஒரு ரோபோ வாத்தியம் வாசிப்பதாகப் படம் போட்டு, டப்பாவில் அடைத்த இசையை ஏற்காதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. மக்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பேசும் படத்துக்கே போனார்கள். அந்த வேலைகள் திரும்பவே இல்லை.

பிறகு அதே சங்கம் வேறு வழியை எடுத்தது. வானொலியும், காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகளும் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்ததால், தாங்கள் பதிவுசெய்து கொடுத்த இசையே தங்கள் வேலையைப் பறிக்கிறது என்று சொல்லி, சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து உறுப்பினர் யாரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக்கூடாது என்று அறிவித்தார். போர்க்காலம், மக்கள் கோபப்பட்டார்கள். நிறுவனங்கள் தடைக்கு முன்பே அவசர அவசரமாகப் பதிவுசெய்து வைத்திருந்த பாடல்களை ஒவ்வொன்றாக வெளியிட்டன. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லாததால், வாத்தியமே இல்லாமல் குழுவினரின் குரலைப் பின்னணியாக வைத்துப் பாடல்கள் வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டே தடையை விலக்கிக்கொள்ளும்படி கேட்டும் பெட்ரில்லோ மறுத்துவிட்டார். 1943-இல் ஒரு பெரிய நிறுவனமும், 1944 நவம்பரில் மீதியிருந்த இரு பெரிய நிறுவனங்களும் இறங்கிவந்தன. விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு சிறு தொகையைச் சங்கத்தின் நிதிக்குக் கொடுக்க வேண்டும். வேலையில்லாத கலைஞர்கள் பொது இடங்களில் இலவசக் கச்சேரி செய்ய அந்த நிதியிலிருந்து ஊதியம் வழங்கப்படும்.

இதை வெற்றி என்று சொல்லலாமா? இசைத்தட்டு ஒழியவில்லை. ஆனால் இசைத்தட்டு ஈட்டும் பணத்தில், அதனால் வேலையிழந்தவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஒரு தொழில்துறை எழுத்தில் ஒப்புக்கொண்டது. முதல் போராட்டத்தில் சங்கம் மக்களின் ரசனையிடம் முறையிட்டது, தோற்றது. இரண்டாவதில் பணப் பங்கீட்டைக் கேட்டது, கிடைத்தது. 2023 ஒப்பந்தங்களில் இயந்திரத்தால் வேலையிழப்பவருக்கென இதுபோன்ற நிதி எதுவும் இல்லை என்பதை அவற்றின் முக்கியக் குறையாக நான் கருதுகிறேன்: வேலையில் இருப்பவரின் உரிமைகளை அவை பேசுகின்றன, இனி வேலைக்கு அழைக்கப்படாதவரைப் பற்றிப் பேசவில்லை.

பெங்களூரில் ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். 2025-இல் வேலை போனது. எங்கோ நடந்த வேலைநிறுத்தத்துக்கும் எனக்கும் என்ன தொடர்பு?
— வாசகர், ஓசூர்

நேரடித் தொடர்பு உண்டு. ஒரு படத்தின் வேலைகளில் உங்கள் மேசைக்கு வருவது கிட்டத்தட்டக் கடைசியில். எழுத்தாளர்கள் நின்ற மாதங்களில் படமாக்கப்படாத காட்சிகள், பல மாதங்கள் கழித்து உங்களிடம் வராத காட்சிகளாக மாறின. அதனால் ஹாலிவுட்டில் எல்லாம் முடிந்து கைகுலுக்கிய பிறகுதான் உங்கள் துறையில் அடி விழுந்தது. 1915-இல் தொடங்கப்பட்ட டெக்னிகலர் நிறுவனத்தின் குழுமம் 2025 பிப்ரவரியில் சரிந்தபோது, பெங்களூரில் இருந்த அதன் பெரிய பிரிவும் சேர்ந்தே மூடப்பட்டது. எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் வாடிக்கையாளர்களின் வேலைகள் குறைந்ததை நிர்வாகமே காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. நிறுவனத்தின் பழைய கடன்களும், முந்தைய குழுமத்திலிருந்து பிரிந்ததற்கான செலவுகளும் மற்ற காரணங்கள்.

உங்கள் துறை பெரும்பாலும் சங்கம் இல்லாத துறை. மார்வெல் நிறுவனத்தின் சொந்த எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் சங்கத்தில் சேர ஒருமனதாக வாக்களித்ததே 2023 செப்டம்பரில்தான். இந்தியாவுக்கு அதிகமாக வந்துகொண்டிருந்தவை, நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து கத்தரித்து எடுப்பது, நடிகரைத் தூக்கிப் பிடிக்கும் கயிற்றைப் படத்திலிருந்து அழிப்பது, பிசிறு நீக்குவது போன்ற, ஒவ்வொரு ஃபிரேமாகச் செய்யும் பொறுமைக்கார வேலைகள். இயந்திரம் முதலில் கற்றுக்கொள்பவையும் அவையே. எழுத்தாளர்களையும் நடிகர்களையும் காக்க விதிகள் எழுதப்பட்டன. உங்களுக்காக யாரும் பேச்சுவார்த்தை மேசையில் அமரவில்லை.

போராட்டம் முடிந்தபின் ஹாலிவுட்டில் வேலைகள் திரும்பினவா?
— வங்கி ஊழியர், திருநெல்வேலி

முழுமையாகத் திரும்பவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 2024-ஆம் ஆண்டின் படப்பிடிப்பு நாட்கள், வேலைநிறுத்தம் நடந்த 2023-ஐவிடவும் குறைவு. இதற்குப் போராட்டத்தைமட்டும் குறைசொல்ல முடியாது. ஓடிடி நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு செலவழித்த காலம் அதற்குமுன்பே முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 2022-இல் 599 தொடர்கள் வந்தன, அடுத்த ஆண்டு 516. வரிச்சலுகை தரும் பிற நாடுகளுக்குப் படப்பிடிப்புகள் போகின்றன என்பதால், கலிபோர்னியா தன் சலுகையை 2025-இல் ஆண்டுக்கு 33 கோடி டாலரிலிருந்து 75 கோடி டாலராக உயர்த்தியது. இயந்திரத்தின் பங்கை இவற்றிலிருந்து தனியே பிரித்துக்காட்டுவது எளிதல்ல. ஆனால் நடிகரும் தயாரிப்பாளருமான டைலர் பெர்ரி, அட்லாண்டாவில் 80 கோடி டாலரில் திட்டமிட்டிருந்த ஸ்டூடியோ விரிவாக்கத்தை, எழுத்திலிருந்து காணொளி உருவாக்கும் ஒரு கருவியைப் பார்த்த பிறகு 2024 பிப்ரவரியில் நிறுத்திவைத்ததாகத் தாமே சொன்னார். அந்தக் கட்டடங்களில் வேலை செய்திருக்கக்கூடிய கொத்தனாரும் மின்பணியாளரும் எந்தத் திரைத்துறைப் புள்ளிவிவரத்திலும் வரமாட்டார்கள்.

டப்பிங் கலைஞராக இருக்கிறேன். என் குரலை ஏஐக்குப் பயன்படுத்திக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?
— வாசகி, வடபழனி

குரல் கலைஞர்களின் அனுபவத்தை அறிய வீடியோ கேம் துறையைப் பாருங்கள். அமெரிக்க நடிகர் சங்கம் 2024 ஜூலையிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு நடத்திய வேலைநிறுத்தத்தின் மையமே குரலையும் உடலசைவையும் இயந்திரம் பிரதியெடுப்பதுதான். சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்பதை அங்கேயும் எழுத்தில் வாங்கினார்கள்.

நம்மிடம் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024-இல் ஒரு பாடலில் ஏஐ வழியாகக் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்று அவர்களுக்குத் தொகையும் வழங்கியதாகத் தெரிவித்தார். அது அவராகக் கடைப்பிடித்த முறை. அதற்கு எந்த ஒப்பந்தமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பாடகர் அர்ஜித் சிங்கின் குரலை ஏஐ கருவிகள் பிரதியெடுப்பதற்கு எதிராக மும்பை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றத்துக்குப் போகும் வசதி உள்ள புகழ்பெற்றவருக்கு அந்த வழி உதவும். ஒரு தொடருக்கு நாள் கணக்கில் பேசும் கலைஞருக்கு வழக்குச் செலவே தாங்காது என்பதால், உங்கள் சங்கம் தயாரிப்பாளர்களோடும் டப்பிங் ஸ்டூடியோக்களோடும் கூட்டாகப் பேசி ஒரு நிலையான விதியை எழுதவைப்பதே நடைமுறைக்கு உகந்தது. அதற்கான கோரிக்கையைப் பொதுக்குழுவில் நீங்களே முன்வைக்கலாம்.

அதுவரை, கையெழுத்திடும் தாளில் மூன்று இடங்களைப் பாருங்கள். பதிவு எந்தப் படைப்புக்கு என்று பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா. “இனி கண்டுபிடிக்கப்படும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும், என்றென்றைக்கும்” என்ற பொருளில் வரி ஏதும் இருக்கிறதா. இயந்திரத்துக்குப் பயிற்சியளிக்கப் பதிவைப் பயன்படுத்துவது பற்றி ஏதேனும் சொல்லப்பட்டிருக்கிறதா. இரண்டாவது வகை வரி இருந்தால் அதை அடித்துவிட்டு இரு தரப்பும் அதன் அருகில் கையொப்பமிடும்படி கேளுங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், படித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசமும் வீட்டுக்கு எடுத்துச்செல்ல ஒரு பிரதியும் கேட்பதில் தவறில்லை.